கேட்டா-ஒன்று

ஜூன் 3, செவ்வாய்

கேட்டா வந்துவிட்டது. எத்தனையாவது முயற்சி என்று எண்ணுவதை எப்போதோ விட்டாயிற்று. புரதத்தைப் பிரித்துக்காட்டும் ஜெல்லைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்ததும், இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீலக் கோடு தடித்து நின்றது. ஹெப்சி மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்துவிட்டு, "ஒனக்கு அடங்கிருச்சு அரசி" என்றார். என் ஆராய்ச்சி வழிகாட்டி அவர். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வந்து யாரும் கேட்டதில்லை.

பின்னால் நானே படித்துக் குழம்பக் கூடாது என்பதற்காக எழுதி வைக்கிறேன். கேட்டா-ஒன்று என்பது மனித உடம்பில் உள்ள ஒரு புரதம். எலும்பு மஜ்ஜையில் செல்லுக்குள் இருந்துகொண்டு, டி.என்.ஏ.வில் தனக்கென்று உள்ள எழுத்துகளைத் தேடிப் பிடித்து உட்காரும். அது உட்கார்ந்தால்தான் ரத்த அணுக்களைச் செய்யச் சொல்லும் உத்தரவு படியெடுக்கப்பட்டு வெளியே போகும். அது சரியில்லையென்றால் ரத்தம் ஊறாது. அதன் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் நுழைத்து அதைச் செய்ய வைப்பது என் வேலை. மனிதப் புரதம், பாக்டீரியாச் சமையல்.

என் அக்கா மகன் கபிலனுக்கு அந்தப் புரதத்தில்தான் பிழை. அவனுடைய ரிப்போர்ட் வந்தபிறகு, செய்துகொண்டிருந்த வேறு வேலையை விட்டுவிட்டு, மேடத்தின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி இதை வாங்கினேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கேட்டா ஒரு ஆளாகவே ஆகிவிட்டது. அருப்புக்கோட்டையிலிருந்து அக்கா போன் செய்தால் முதல் கேள்வி, "கேட்டா எப்படிடி இருக்கு?"

"இன்னைக்குத்தான்க்கா தலையைக் காட்டுச்சு" என்றேன்.

அக்கா போனை வைக்காமலே பக்கத்து வீட்டுக்காரியிடம், "எந் தங்கச்சி கபிக்கு மருந்து கண்டுபிடிச்சுட்டா" என்று சொல்வது எனக்குக் கேட்டது. மருந்து இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். நல்ல நாளும் அதுவுமாக எதற்கு, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

கபிக்கு ரத்தம் ஏற்றும் நாள். அரைநாள் லீவு போட்டேன். அக்கா திலகவதி, மச்சான் சோலைராஜ், நடுவில் கபி. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். கபிக்கு ஐந்து வயது. மூன்று வாரம் ஓடினால் உதடு வெளுத்துவிடும், படி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தம் ஏறியதும் மறுபடி பிள்ளை ஆகிவிடுவான்.

பையைத் தொங்கவிட்டதும் வழக்கம்போல அப்பாவிடம் கேட்டான், "இன்னைக்கு யாரு ரத்தம்ப்பா?"

மச்சான் வயர்மேன். வாய்க்கு வந்ததை அளப்பதில் மன்னன். போன தடவை கபடி ஆடுகிறவர் ரத்தம் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போய்க் கட்டிலைச் சுற்றி ஒரே கபடியாம். அதற்கு முந்தின தடவை லாரி டிரைவர். ஊர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் வாயாலேயே ஹாரன் அடித்து, கண்டக்டரிடம் திட்டு வாங்கினான். இன்று மச்சான் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது டீச்சர் ரத்தம்டா" என்றார்.

கபியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "வேணாம்ப்பா, மாத்தச் சொல்லுங்க."

நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். சாயங்காலம் என் அறைக்கு வந்ததும் என் கையில் ஸ்கேலால் ஒன்று போட்டு, "வாய்ப்பாடு சொல்லுங்க சித்தி" என்று அதட்டினான். உதடு சிவந்திருந்தது.

ஆகஸ்டில் சென்னையில் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் படுக்கை சொல்லி வைத்திருக்கிறது. மச்சானுடைய மஜ்ஜை பாதிதான் பொருந்துகிறது, ஆனாலும் செய்யலாம் என்கிறார்கள். அதுவரை காய்ச்சல், சளி, அடி எதுவும் அவனை அண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவன் பிழைப்பது அந்த ஒன்றில்தான் இருக்கிறது. என் குழாய்களில் இல்லை. இதை அக்காவிடம் எப்படியாவது சொல்ல வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

மச்சான் கை சும்மா இராது. எங்கே போனாலும் சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். காலையில் என் அறை ஃபேன் ரெகுலேட்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவும் கபியும் எழுந்திருக்கவில்லை.

"அரசி, ஒண்ணு கேக்கவா? கபிக்கு ஒயரிங் பூரா சரியா இருக்கு, ஒரே ஒரு சுவிட்சுதான் போச்சுன்னு நீதான சொன்ன?"

"ஆமா மச்சான்."

"அந்தச் சுவிட்சு இப்ப உன் ஃப்ரிட்ஜுல இருக்கு."

ரெகுலேட்டரைக் கையில் திருப்பிப் பார்த்தார்.

"சுவிட்சு போச்சுன்னு கூப்பிட்டா நான் போயி மாத்திப் போட்டுட்டு வந்துருவேன். ஒரு டீ குடிக்கிற நேரம்."

அவருக்குப் புரியட்டும் என்று என்றோ சுவிட்சு என்று சொன்ன வாயை அடித்துக்கொள்ளத் தோன்றியது. இப்போது நிதானமாகச் சொன்னேன். "அது போய்ச் சேரவேண்டிய இடம் மஜ்ஜைக்குள்ள, செல்லுக்குள்ள, அதுக்குள்ளயும் ஒரு உள்ளறைக்குள்ள மச்சான். ஊசியில ஏத்துனா ரத்தத்துலயே சிதைஞ்சு போயிரும். அதோட பாக்டீரியாவுல செஞ்சது, அதோட நஞ்சு கொஞ்சமாச்சும் ஒட்டிக்கிட்டிருக்கும். ஆராய்ச்சிக்கு மட்டும்னு கடையில விக்கிற டப்பாவுலயே போட்டிருப்பாங்க."

"சுவரைக் குடைஞ்சு பைப்ப விட்டு ஒயர் இழுக்குறோம்ல?"

"இதுக்குக் குடையிற வழி இன்னும் நம்ம கைக்கு வரல."

"அப்ப எதுக்குத்தா அதைச் செய்யிற?"

"எந்த இடத்துல கெட்டுச்சுன்னு பாக்க."

"ஃபால்ட் பாக்குற." திருகாணியை இறுக்கிக்கொண்டே சொன்னார். "ஃபால்ட்ட மட்டும் பாத்துட்டு நான் ஒரு வீட்டுலருந்து வந்தா, அந்த வீட்டுக்காரன் என்னை என்ன சொல்லுவான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவரே பதறி, "பேரையே கேட்டான்னு வச்சிருக்காய்ங்க, கேட்டாக் குடுக்க மாட்டேங்கிறியே கொழுந்தியா" என்று கேலியாக முடித்தார். ஃபேன் இப்போது சத்தமில்லாமல் சுற்றுகிறது.

ஜூன் 13

துணி துவைத்துக் காயப்போட்டேன். மழை வந்து, கொடி அறுந்து சகதியில் விழுந்தது. மறுபடி துவைத்தேன்.

ஜூன் 19, வியாழன்

இந்த வாரம் முழுக்க கபியுடைய புரதத்தைச் செய்கிறேன். நல்ல புரதத்துக்கும் அவனுடையதற்கும் வித்தியாசம் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணிதான். அந்த ஒன்றை மட்டும் அவனுடைய ரிப்போர்ட்டில் உள்ளபடி மாற்றிப் பாக்டீரியாவிடம் கொடுத்தேன். அது நல்லது கெட்டது பார்க்கவில்லை. கொடுத்ததைச் செய்தது.

நிக்கல் மணிகள் நிரப்பிய குழாய்க்கு ஆய்வகத்தில் காலம் என்று பெயர். அதில் ஊற்றிப் புரதத்தைச் சுத்தம் செய்வதைக் காலம் ஓட்டுவது என்போம். நடுவில் அம்மா போன். "என்னடி செய்யிற?" என்றாள். "காலம் ஓட்டுறேன்" என்றேன். "ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கிட்டு ஓட்டேன்" என்றாள். தேனியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் வங்கியில் இருக்கிறான். போட்டோ அனுப்பியிருந்தாள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறான்.

சின்னக் குழாய்களில் பிரித்து, மூடியில் அடையாளம் எழுதி, உறைகலனில் வைத்தேன். எங்கள் வழக்கம் அது. நல்லதற்கு ந. அவனுடையதற்கு எண் போட வேண்டும். க என்று போட்டேன். மேடம் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

வேறொன்று சொன்னார். இந்தப் பிழை தாய் வழியாக வருவது. அம்மாவிடமிருந்து அக்காவுக்கு, அக்காவிடமிருந்து கபிக்கு. பெண்களுக்கு இன்னொரு நல்ல பிரதி இருப்பதால் வெளியே ஒன்றும் தெரியாது. ஆண் பிள்ளை பிறந்தால்தான் தெரியும். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். இருந்தும் நிதானமாகச் சொல்லிவிட்டு, "உங்க அம்மாவுக்கு நீங்க ரெண்டு பொண்ணுங்கல்ல?" என்றார். மத்தியானம் போய் என் ரத்தத்தையும் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 1

என் சோதனை முடிவு வந்தது. தேனி வரன் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பையனுக்கு மூக்கு சரியில்லை என்றேன். மூக்கு சரியாகத்தான் இருந்தது. அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை, அவளுக்கு இருப்பதே போதும்.

ஜூலை 8, செவ்வாய்

இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நாள் இதுதான் என்று எழுத உட்கார்ந்தேன். இப்போது வேறு விதமாக எழுத வேண்டியிருக்கிறது.

டி.என்.ஏ. துண்டைத் தனியாக விட்டால் ஜெல்லில் கீழே ஓடிவிடும். புரதம் அதைப் பிடித்துக்கொண்டால் பாரம் கூடி மேலேயே நின்றுவிடும். இன்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டேன். நல்லது பிடித்தது, மேலே கெட்டியாக ஒரு கோடு. கபியுடைய வரிசையில் மேலே லேசாக ஒரு நிழல், அங்கிருந்து கீழே வரைக்கும் ஈரத்துணியால் துடைத்ததுபோல ஓர் இழுவை. அது பிடிக்கவே இல்லை என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. பிடிக்கிறது. பிடித்துக்கொண்டே இருக்க முடியாமல் விட்டுவிடுகிறது.

குதித்தேன். மேடமே ஆள் அனுப்பி உளுந்தவடை வாங்கி வரச்சொன்னார். இரண்டு தின்றேன். எண்ணெய்க் கையோடு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கேட்டா பிடிச்சிருச்சு. நல்லா உடும்பு கணக்காப் பிடிக்குது."

"அப்படியா? கபியோடதும் பிடிக்குதாடி?"

பதில் சொல்வதற்குள் அவளே, "இருடி, இவன் உடம்பு சுடுற மாதிரி இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். நான் வடை தின்றுகொண்டிருந்தபோதே அவனுக்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

காய்ச்சல் இறங்கவில்லை. ஈறில் ரத்தம் கசிகிறது. ரத்தம் உறையவைக்கும் தட்டணுக்களும் கேட்டா சொன்னால்தான் உருவாகும். அதுவும் குறைந்துவிட்டது. அதை மட்டும் தனியாக ஏற்றினார்கள். பை மஞ்சளாக இருந்தது.

கபி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டான், "இது யாரு ரத்தம்ப்பா?"

மச்சான் வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. பேச்சுக்கு அவர் திணறி நான் பார்த்ததே இல்லை.

"மஞ்சளா இருக்கே" என்றான் கபி. பிறகு அவனே கேட்டான். "ஜூஸ் கடைக்காரர் ரத்தமாப்பா?"

"ஆமாடா தங்கம். ஜூஸ் கடைக்காரருதுதான்."

"ஐஸ் போடச் சொல்லுங்க."

மச்சான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார். நான் அவன் காலைப் பிடித்துவிட்டேன். கால் கொதித்தது.

ஜூலை 11, வெள்ளி

டாக்டர் எங்களிடம் பேசினார். தொற்று ரத்தத்தில் பரவிவிட்டதாம். மருந்து கேட்கவில்லையாம். அவர் போனதும் அக்கா என் கையைப் பிடித்து மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள்.

"கொண்டு வாடி."

"எதைக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"அது மருந்து இல்லக்கா. மச்சான்ட்ட எல்லாம் சொன்னேன்."

"அவரு சொன்னாரு. செல்லுக்குள்ள போகாது, நஞ்சு இருக்கும், எல்லாம் சொன்னாரு. தெரியும்டி எனக்கு. தெரிஞ்சுதான் கேக்குறேன். இங்க ஏத்துறது மட்டும் கேக்குதா? பிள்ளையப் பெத்தவ கேக்குறேன், அவன்ட்ட இல்லாதது ஒன்ட்ட இருக்கு. ஒரு சொட்டு. டாக்டருக்குத் தெரிய வேணாம்."

"அதுனாலயே போயிருவான்க்கா."

"இல்லாட்டி மட்டும்?"

"என்னால முடியாதுக்கா" என்று மட்டும் சொன்னேன்.

அக்கா என் கையை விட்டாள். "கேட்டேன். இல்லைன்னுட்ட" என்றாள். கத்தவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜூலை 12, சனி

காலையில் ஆய்வகம் போனேன். சனிக்கிழமை என்பதால் யாரும் இல்லை. பிறகு மருத்துவமனைக்கு வந்தேன். வாசல் டீக்கடைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். எதற்கு நின்றேன் என்பதை எழுதப் போவதில்லை. படிக்கட்டில் ஏறும்போதே அக்காவின் குரல் கேட்டது.

கபி போய்விட்டான்.

ஜூலை 21

மேடம், "ந குழாய் ஒண்ணு உருகிக் கெடக்கே, யாரு வெளியே வச்சது?" என்று கேட்டார். கைத்தவறு என்றேன். உருகியதை மறுபடி உறைய வைத்தால் பயனில்லை. கொட்டிவிட்டேன்.

ஜூலை 30, புதன்

கபியின் காரியம் முடிந்தபிறகும் அக்கா என்னோடு பேசவில்லை. நான் போனால் அடுப்படிக்குள் போய்விடுகிறாள். மச்சானின் அம்மா, வந்தவர்கள் போனவர்களிடம், "எல்லாம் தாய் வீட்டு ரத்தம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு பாத்திரம் விளக்குகிறாள். நானும் தாய் வீட்டு ரத்தம்தான். திரும்பி வரும் பஸ்ஸில் ஒரு பையன் வாயால் ஹாரன் அடித்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேறு பஸ் ஏறினேன்.

ஆகஸ்ட் 9, சனி

சென்னையில் படுக்கை சொல்லி வைத்திருந்தது இந்த வாரத்துக்குத்தான்.

மச்சான் ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். வாட்ச்மேன் போன் செய்து, சோலைராஜ் என்று ஒருத்தர், வயர்மேன் என்கிறார், யாராவது கூப்பிட்டீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தாடி வளர்ந்திருந்தது. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. "அந்தப் பெட்டி எங்க இருக்கு?" என்று கேட்டார். உறைகலனைக் காட்டினேன். வெள்ளை பீரோபோல முனகிக்கொண்டு நின்றது. கையுறை போட்டுக் கதவைத் திறந்ததும் புகை வெளியே வந்தது.

"இதுல அவனோடது எது?"

நல்லதைக் கேட்பார் என்று நினைத்திருந்தேன். க குழாய்களில் ஒன்றை எடுத்து ஐஸில் நிறுத்தி அவர் முன்னால் வைத்தேன். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத குழாய். குனிந்து மூடியைப் பார்த்தார். எழுத்தை வாய்விட்டு ஒருமுறை படித்தார். கையை நீட்டித் தொடப்போய், தொடாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எடுத்து வச்சிரு. உருகிரப் போவுது."

வைத்தேன்.

"எம்புட்டு நாளைக்கு இருக்கும்?"

"குளிர் விடாம இருந்தா வருசக்கணக்கா இருக்கும் மச்சான்."

உடனே அவர் கண் பின்பக்கச் சுவருக்குப் போனது. உறைகலனின் பிளக் ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருந்தது. ஆடாமல் இருக்கச் செருகலில் காகிதம் மடித்து வைத்திருந்தோம். "அட அறிவு கெட்டவங்களா" என்றார், கபி போனபிறகு முதல்முறையாக அவரிடமிருந்து வந்த பழைய குரல். "படிச்சவங்கதான நீங்க?" வெளியே போய் ஒரு கனத்த சாக்கெட்டும் சுவிட்சும் வாங்கி வந்தார். மேடம் குறுக்கே வந்தார், நான் கண்ணைக் காட்டியதும் ஒதுங்கிக்கொண்டார். மச்சான் சுவரில் பெட்டி அடித்து, ஒயரைக் கிள்ளி, முறுக்கி, திருகாணியை இறுக்கினார். சுவிட்சைப் போட்டார். உறைகலன் முனகத் தொடங்கியது. மறுபடி அணைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இதையாச்சும் மாத்த முடிஞ்சதே" என்று சொல்லிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மேடம் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கிளம்பும்போது கேட்டார். "அன்னைக்கு டீக்கடைகிட்ட நின்னயில்ல. உன் பையிலருந்து தண்ணி சொட்டுச்சு. நான் உள்ளதான் உக்காந்திருந்தேன்."

நான் உறைகலன் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கொண்டாந்துட்ட. அப்புறம் ஏன் நின்ன?"

"கொண்டு வராம இருக்க முடியல மச்சான். குடுக்கவும் முடியல."

தலையை ஆட்டினார். "அவகிட்டச் சொல்லவா?"

"வேண்டாம்."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மத்தியானம் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அக்கா. ஈரக்கையோடு எடுத்தேன். அவர்கள் வீட்டு மிக்ஸி சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"கேட்டா எப்படிடி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா."

"கரண்டு கட்டாகலையே?"

"மச்சான் போட்ட சுவிட்சுக்கா. கட்டாகாது."

"ம்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "பையில தண்ணி சொட்டுனதச் சொன்னாரு. நான் அதுக்குப் போன் பண்ணல. ஒன்ட்ட ஒண்ணு கேட்டேன், நீ பதிலே சொல்லல."

"என்னக்கா?"

"கபியோடதும் பிடிக்குதான்னு கேட்டேன்ல? காய்ச்சல் வந்த அன்னைக்கு. பிடிக்குதா?"

ஜெல்லில் பார்த்த அந்த இழுவை கண்முன் வந்து நின்றது.

"பிடிக்குதுக்கா" என்றேன்.

"அதான பாத்தேன். கடைசியில என் விரலப் பிடிச்சவன், நர்ஸம்மா வந்து எடுத்துவிடுற வரைக்கும் விடவே இல்லடி. அப்படிப்பட்ட பிள்ளையோடது எப்படிடி விடும்? விடாதுல்ல?"

"விடாதுக்கா" என்றேன்.